கரிக்கடன்

நாவாந்துறைச் சங்க மண்டபத்தில் காற்றாடி மூன்று.
ஒன்றுதான் சுழன்றது, அதுவும் விருந்தினர் பக்கம்.
ஒஸ்லோவிலிருந்து ஒருவர், கொச்சியிலிருந்து ஒருவர்.
கொழும்பிலிருந்து வந்த விக்கிரமரத்னவுக்கு
மழைக்கு முன் திரும்பிவிட வேண்டும்.
அவர்களுக்கும் ஊராருக்கும் நடுவே
பிளாஸ்டிக் கதிரையில் நான்,
நாளுக்கு எட்டாயிரம் வாங்கும் வாய்.

சூழல்தொகுதி வரைக்கும் சிக்கலில்லை.
பசுமைப் பொருளாதாரம் என்றபோது
பின்வரிசையில் ஒரு குரல்:
"பச்சை எண்டா ஆயிரம் ரூபாத் தாளே?"
சிரித்தார்கள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

திரையில் உலகப் படம்.
எங்கள் கடனீரேரி அதில்
யாரோ தேத்தண்ணி சிந்திய அளவு.
கண்ணா மரம் காற்றிலுள்ள கரியை உறிஞ்சிச்
சேற்றுக்குள் புதைத்துவிடும்,
நூறு வருடம் திறந்து பாராது
என்றார் ஒஸ்லோக்காரர். நல்லாய்த்தான் சொன்னார்.
புதைத்த கரிக்கு அங்கே விலை உண்டு.
அந்த விலைக்கு ஒரு பெயர் உண்டு.
எனக்கோ அவசரத்தில் வாய்க்கு வந்தது ஒன்றுதான்:
"கரிக்கடன்."

கதிரைகள் பின்னுக்கு நகர்ந்தன.
எமில்டா எழுந்துவிட்டார்,
புறங்கை முழுக்க நண்டு கடித்த தழும்பு.
"கடன் எண்டா வேண்டாம், தங்கச்சி.
கிழமைக்கு ஒருக்கா மோட்டச்சைக்கிளில வந்து
படலையடியில நிண்டவங்கள் காணும்.
தோட்டை வித்தன், வலையை வித்தன்.
அஞ்சு பேர் குழுவில எங்கட ஒருத்தி
விடியப்பறம் கிணத்தடிக்கு..."
அங்கே நிறுத்தினார்.
ஆங்கிலத்தில் அந்த இடைவெளியை
அதே நீளத்துக்கு விட்டேன்.

பிறகு திருத்தினேன். பிழை என்னுடையது.
கடன் அல்ல, வரவு.
நீங்கள் வாங்குவதல்ல, அவர்கள் தருவது,
அங்கத்தைய ஆலைகள் விட்ட புகைக்கு
இங்கத்தைய சேறு இடம் கொடுப்பதால்.

எமில்டா இருக்கவில்லை.
விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார்.
"புகை அவையின்ரை.
சேறு எங்கடை.
அப்ப, கடன்காரர் ஆர்?"

ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கொடுத்தேன்.
ஒஸ்லோக்காரர் பேனையை மூடினார், திறந்தார்.
கொச்சிக்காரர் முதன்முறை சிரித்தார்.
தமிழ் அவருக்குப் பாதி விளங்கும்
என்று தெரிந்தேதான் அடுத்தது அவருக்குப் போனது:
"நடச் சொல்லுறதை நடுவம்.
இரவில இழுவைமடி வந்து நெடுந்தீவுப் பக்கம்
சாதாளையை வேரோட வழிச்சுக்கொண்டு போகுதே,
அதுக்கு உங்கட படத்தில கோடு இருக்கோ?"

அது வேறு அமைச்சு என்றார் விக்கிரமரத்ன.
அது வேறு மாநிலம் என்றார் கொச்சிக்காரர்.
அது அடுத்த கட்டம் என்றார் ஒஸ்லோக்காரர்.
மூன்றையும் என் ஒரே குரலில் சொல்லவேண்டியிருந்தது.
வாடைக்காற்று ஜன்னலால் வந்து
மூவரின் தாள்களையும் ஒன்றாய்க் கலைத்தது.
எது யாருடையது என்று தேடவே
கால்மணி நேரம்.

பின்னேரம் காக்கைதீவுக் கரை.
போன திட்டத்தில் நட்ட வரிசைகள்:
தடி நிற்கிறது, கன்று இல்லை.
ஆடு, வெயில், மாநகரக் குப்பை.
அப்பால், பாதி புதைந்த ரயருக்குப் பின்னால்
யாருடைய கணக்கிலும் இல்லாமல்
தானாய் விழுந்து முளைத்த கண்ணா, ஏழு.

ஒஸ்லோக்காரர் சப்பாத்தைக் கழற்றினார்.
"இடப்பக்கம் மிதிக்கச் சொல்லு, வலம் இளகல்"
என்றார் எமில்டா.
நான் வசனத்தை முடிக்குமுன்
வலது காலை வைத்துவிட்டார், முழங்கால் வரை போயிற்று.
ஐந்து பாஷையில் கத்தியிருப்போம்.
எமில்டாதான் இறங்கிக் கையைக் கொடுத்தார்.
இழுத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி,
"இதையும் வரவில எழுதுவினமோ, கேள்."

விக்கிரமரத்ன மணிக்கூட்டைப் பார்த்தார்.
மழை வந்துவிட்டிருந்தது.